இரண்டு பேருக்கான வண்டி

சுஜா இடது காலை மிதியில் ஊன்றி, வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் பார்த்தாள். கால் பாதிக்குமேல் வரவில்லை. அந்தக் கரிஸ்மா பைக்கின் பின்சீட்டு முன்சீட்டைவிட ஒரு படி உயரத்தில் இருந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் வலி சுருக்கென்று ஏறியது. முகத்தில் அது தெரிந்துவிடக் கூடாதென்று, ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே கரமனைச் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்ப்பவள்போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சேச்சி, ஒரு ஸ்டூல் கொண்டு வரட்டே?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"வேண்டா மோளே. எனக்கு உயரம் பத்தல்ல, அதாக்கும்" என்று சிரித்தாள் சுஜா.

வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த லிங்கராஜ், "எறங்கு. இது வேண்டாம்" என்றான்.

அவளுக்காகத்தான் வேண்டாமென்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் கூட வேலை பார்க்கும் விபினின் கரிஸ்மாவை இரவல் வாங்கிக்கொண்டு ஒருநாள் பொன்முடி மலைக்குப் போய்வந்தான். திரும்பி வந்தவனின் கண்கள் காற்றில் சிவந்திருந்தன. சட்டையைக் கழற்றக்கூட மறந்து அடுக்களை வாசலில் நின்று, "வண்டிய நான் திருப்பலட்டி. திருப்பணும்னு நெனச்சேன், அதுவே திரும்பிட்டு" என்று ஒவ்வொரு வளைவையும் கையால் வரைந்து காட்டினான். கல்யாணமான நாள் முதல் அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. தண்ணீர் பம்பு கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவன். தினமும் மார்த்தாண்டம் முதல் கொல்லம் வரை கடை கடையாக ஏறி இறங்குகிறவன். வீட்டுக்கு வந்தால் பேச்சு மிச்சமிருக்காது.

அடுத்த ஷோரூமில் அவெஞ்சர் நின்றது. தரையோடு தாழ்ந்த நீளமான வண்டி. கைப்பிடி வளைந்து ஓட்டுகிறவனை நோக்கி வந்திருந்தது. சுஜா நின்றபடியே காலை அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஒரு சாய்மானம் முதுகைத் தாங்கியது. இத்தனை காலமும் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தே போனவள், வண்டி பார்ப்பதற்கென்று புதிதாக ஒரு சுரிதார் வாங்கிப் போட்டிருந்தாள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வலியில்லாமல் எங்காவது சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது. லிங்கராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அவள் பேச்சை எடுத்தாள். "நமக்குக் கரிஸ்மா போதும், கேட்டீங்களா?"

"ஒன்னால ஏறவே முடியல."

"நான் எப்பவாச்சும் ஒரு ஞாயித்துக்கெழம ஏறுவேன். நீங்கல்லா தெனமும் ஓட்டணும். மத்ததுல காத்து முழுக்க நெஞ்சுல அடிக்கும். லாரிக்கு எடையில வெட்டி எடுக்க முடியுமா? அது சும்மா கடலோரமா மெள்ளப் போறதுக்குள்ள வண்டி."

"என்னட்டி, சேல்ஸ்மேன் மாதிரி பேசுத?" என்று சிரித்தான். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "வலி கொறைஞ்சிரும்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்லா. கொறைஞ்சதும் விழிஞ்ஞம், வர்க்கலை, பொன்முடி எல்லாம் போவோம். நீ பின்னால இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்ய?"

அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. லிங்கராஜ் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில்தான் அந்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மார்பில் அறுத்து எடுத்தது இப்போது எலும்பில் இறங்கிவிட்டது என்றார். பர்த்தாவு வரட்டும், அவரிடமும் பேசுகிறேன் என்றவரை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சுஜாதான் தடுத்தாள். படியேறி வந்தவனிடம், "மருந்து மாத்தியிருக்கு. கொறைஞ்சிருமாம்" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு வருடக்கணக்காகச் செத்துக் கிடந்த அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது. காலையில் சவரம் செய்யும்போது சீட்டியடிக்க ஆரம்பித்திருந்தான். பிள்ளையில்லாத வீடு, அந்தச் சீட்டிச் சத்தம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் அவெஞ்சர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

வந்தபிறகு அவளும் அதை மறுக்கவில்லை. சாயங்காலம் வெயில் தணிந்ததும் கோவளம் வழியாக விழிஞ்ஞத்துக்குப் போவார்கள். வண்டி அவசரமில்லாமல் போகும். மீன் வாடையும் உப்புக்காற்றுமாக முகத்தில் அடிக்கும். அவள் சாய்ந்துகொண்டு தென்னைகளைப் பார்ப்பாள். துறைமுகத்தில் படகுகள் வந்து சேர்வதைப் பார்த்துவிட்டு, நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஆனால் வேலை நாட்களில் கொல்லத்திலிருந்து வருகிறவன் தோளை உயர்த்தவே முடியாமல் வந்தான். நாளெல்லாம் விரித்த கைகளோடு காற்றை நெஞ்சில் வாங்கி வந்த வலி. "ஒண்ணுமில்ல, புது வண்டி, பழகணும்" என்பான். அவள் தன் முதுகைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு அவன் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குக் கிளம்பினார்கள். நெடுமங்காடு, விதுரை வரைக்கும் சுகமாகவே போனது. கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டியின் நீளம் தெரிந்தது. ஒவ்வொரு ஊசிவளைவிலும் அது ரோட்டின் முழு அகலத்தையும் கேட்டது. லிங்கராஜ் கைப்பிடியோடு மல்லுக்கட்டினான். அவன் பனியன் நனைந்து சட்டையில் ஒட்டியது. வளைவுக்கு வளைவு அவள் உடம்பு ஒருபக்கமாக இழுபட்டு, எலும்புக்குள் எதுவோ உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழெட்டு வளைவுகளைத் தாண்டினாள். அதற்குமேல் முடியவில்லை. தன்னை அறியாமல் அலறிவிட்டாள்.

அவன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி அவளைத் தாங்கி இறக்கி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்காரவைத்தான். கீழே மூங்கில் காட்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"மருந்து இன்னும் சரியாப் பிடிக்கல போல. பரவால்ல, அடுத்த மாசம் வருவோம்" என்றான்.

"மருந்து பிடிக்காது" என்றாள் சுஜா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எலும்பில் இறங்கியதை, படத்தில் பார்த்ததை, படியில் வைத்துப் பொய் சொன்னதை. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லிங்கராஜ் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தரையில் கிடந்த சருகைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

"எப்பத் தெரியும்?"

"வண்டி பாக்கப் போறதுக்கு முந்தியே."

"தெரிஞ்சிட்டு எதுக்குட்டி என்னை இத எடுக்க விட்ட?" அவன் சருகைக் கசக்கி எறிந்தான். "நீ ஏறாத வண்டிய நான் என்ன செய்வேன்? தெனமும் இதுல போவணும்லா நான்!"

"கரிஸ்மா எடுங்கன்னு சொன்னேனே."

"சொன்ன. அடிச்சுச் சொல்லலியே."

அது உண்மை. சுஜா தன் கைகளைப் பார்த்தாள். அடித்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். "எனக்கும் இதுல ஏறி இருக்கணும்னு ஆசையா, கொதியா இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு அந்தக் கடையில ஏறி இருந்து பாத்தப்பளே. நீங்க இதத்தான் எடுப்பீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன். கொறச்சு நாளாச்சும் ஒங்ககூட எங்கயாச்சும் போலாம்னு."

அவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். ரோட்டில் போன ஜீப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் அவன் தலையை மறைப்பதுபோல் துப்பட்டாவை இழுத்துவிட்டாள். நெடுநேரம் கழித்து அவன் எழுந்து, பாறையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தான். வண்டியை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். இரண்டு காலையும் தரையில் அகல ஊன்றிக்கொண்டு, அவள் ஏறி உட்காரும்வரை அசையாமல் இருந்தான்.

இறக்கத்தில் அவர்கள் நடக்கிற வேகத்தில் போனார்கள். பின்னால் மலையிலிருந்து இறங்கிய பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. லிங்கராஜின் வலது கை கைப்பிடியை விட்டு எழுந்து வருவதைச் சுஜா பார்த்தாள். அது பக்கக் கண்ணாடியைப் பிடித்து மெல்ல உள்நோக்கித் திருப்பியது. அதிலிருந்து ரோடு விலகியது, பஸ் விலகியது. அவள் முகம் மட்டும் அதில் வந்து நின்றது.