நிசான் பொளிக்கும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டி வாங்கத் தெரியாது, படம் எடுக்கத்தான் தெரியும். பானெட்டைத் திறக்கமாட்டான், செல்போனைத் திறப்பான். வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம், சாய்ந்து ஒரு படம், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பல்லைக் காட்டி ஒரு படம். பிறகு இறங்கி, கையிலிருக்கும் தூசியைத் தட்டிவிட்டு, "இது மொத்தம் எத்தனை கிலோ வரும், மாமா?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்ததும் நெல்லையப்பன் போய் கேட்டைத் திறந்து வைத்துவிடுவார். போய்க்கோ என்று அர்த்தம். எடை கேட்கிறவன் வண்டி வாங்க வந்தவன் இல்லை, இரும்பு வாங்க வந்தவன்.

மலையாளக் கரையில், விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் முக்கோலையில் அவர் வீடு. வாசலில் பலா மரத்தடியில் நின்றது பழைய ராணுவ வண்டி, ஒரு டன் நிசான். ஜப்பான்காரன் வரைந்து கொடுத்து ஜபல்பூரில் செய்தது. அதே வீட்டில் பிறந்த ஜோங்கா ஜீப்பை ஊரெல்லாம் தெரியும். ஜோங்கா மாப்பிள்ளை மாதிரி, முன்னால் நின்று மாலை வாங்கிக்கொள்ளும். நிசான், பின்வாசல் வழியாக அண்டா தூக்கி வந்த சித்தப்பா மாதிரி. அவரை யார் படம் எடுக்கிறார்கள்?

பட்டாளத்தில் அது என்ன செய்தது என்று நெல்லையப்பனுக்குத் தெரியாது. "அது சொல்லல, நான் கேக்கல" என்பார். ஏலத்தில் விட்ட பிறகு நடந்ததெல்லாம் தெரியும். முதலில் பொன்முடி எஸ்டேட் ஒன்றில் தேயிலைக் கொழுந்து சுமந்தது. அங்கே டிரைவர் இவர்தான். எஸ்டேட்காரர்கள் அதைக் கைவிட்டபோது இவரே வாங்கி, மலையிறக்கிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, முன்னால் இரும்புவடம் சுற்றும் வின்ச். மற்ற லாரிகள் மணலில் புதைந்து முனகும்போது இது மீன்பிடி வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டது. ஐஸ் சுமந்தது. கல்யாணப் பெண்ணின் அலமாரி சுமந்தது. ஒரு தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் மைக் கட்டி ஓடியது. நடுவில் கொடியை மாற்ற மறந்து இரண்டு கூட்டத்திடமும் ஏச்சு வாங்கியது. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் போடச் சொன்னவர்கள் உண்டு. "நெஞ்ச மாத்தினா ஆளு வேறல்லா" என்று நெல்லையப்பன் மறுத்துவிட்டார்.

கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் மனைவி உலகம்மை சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். "உங்களுக்கு மாடு எது, மைல்கல் எதுன்னு தெரிய மாட்டேங்குது. ஓட்டினது போதும்." வண்டி நின்றது. மழை குடித்தது. பின்பலகையில் விழுந்த பலாக்கொட்டை முளைக்கவே தொடங்கிவிட்டது.

நிற்கிற வண்டியைத் தேடி வருகிறவர்கள் ஆக்கிரிக்கடைக்காரர்கள்தான். பழைய இரும்பு வாங்குகிற அந்தக் கூட்டத்தின் வாயில் எப்போதும் ஒரே சொல்: பொளிக்கலாம். மலையாளத்தில் வண்டியைப் பொளிக்கிறது என்றால் அடித்து உடைத்துப் பிரித்துப் போடுவது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நெல்லையப்பன் மலையாள எழுத்து படிக்கவில்லை. தமிழே பஸ் போர்டு வரைக்கும்தான். ஆனால் அந்தச் சொல் எந்தச் சந்தடியில் கேட்டாலும் அவர் காது விடைத்துக்கொள்ளும்.

ஆதர்ஷ் வந்தபோதும் முதலில் படம்தான் எடுத்தான். வலியசாலைத் தமிழ் வீட்டுப் பையன், டெக்னோபார்க்கில் வேலை. நெல்லையப்பன் கேட்டருகே போய் நின்றுகொண்டார். ஆனால் கேள்வி வேறாக வந்தது.

"மாமா, இது கேறுமா?"

"எங்க கேறணும்?"

"மலை."

"மலையிலேருந்துதாம்ல எறங்கி வந்துது."

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நெல்லையப்பன் நம்பவில்லை. இருந்தாலும் கேட்டைத் திறக்கவும் இல்லை. விலை பேசி முடிந்து, சாவி கைமாறுகிற நேரத்தில் உலகம்மையைக் கூப்பிட்டு பானெட்மேல் சூடம் ஏற்றச் சொன்னார்.

"கையால அணைச்சு சத்தியம் பண்ணு. இந்த வண்டிய பொளிக்க மாட்டேன்னு சொல்லு."

"மாமா, இதெல்லாம் எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கிறவன்தான் பொளிப்பான்."

ஆதர்ஷ் எரிகிற சூடத்தின்மேல் கையை வைத்தான். "பொளிக்க மாட்டேன், அம்மே!" என்று அலறிக் கையை உதறினான். சத்தியத்தில் அந்த 'அம்மே' சேருமா சேராதா என்று நெல்லையப்பன் இரண்டு நாள் யோசித்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பலா மரத்தடி வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் உலகம்மை மீன் கழுவிக்கொண்டே செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நம்ம வண்டிங்க!" என்று கத்தினாள். புதுப் பச்சை பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, நிசான் நின்றது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டு ஆதர்ஷ் மலையாளத்தில் கூவினான்: "ஞாயறாழ்ச்ச பொன்முடியில் நம்முடெ நிசான் பொளிக்கும்! எல்லாரும் வரணம், கேட்டோ!"

"ஏட்டி, திரும்பப் போடு."

திரும்பவும் போட்டாள். திரும்பவும் பொளிக்கும் என்றுதான் சொன்னான்.

"பாத்தியா? ஞாயித்துக்கிழம பொன்முடியில வச்சு நிசானப் பொளிக்கானாம். ஊரக் கூட்டி வேற பொளிக்கான்."

"சிரிச்சுக்கிட்டுல்லா சொல்லுதான். பெயின்ட் வேற அடிச்சிருக்கான். உடைக்கிறவன் பெயின்ட் அடிப்பானா?"

"ஆட்டுக்கு மாலை போட மாட்டானா?"

உலகம்மைக்கு அது சரியென்றுதான் பட்டது. "சூடம் அணைச்ச கையில்லா. போன் போட்டுக் கேளுங்களேன்."

"கேட்டா உஷாராயிருவான். ஞாயித்துக்கிழமைக்கு முந்தியே பொளிச்சிருவான். நேர்ல போவோம்."

ஞாயிற்றுக்கிழமை தம்பானூரில் பொன்முடி பஸ்ஸைப் பிடித்தார்கள். உலகம்மை புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டாள். வண்டி உடைபடுகிறதோ இல்லையோ, மலைக்குப் போகிறோம் அல்லவா. கல்லாற்றில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சாலையோரத்து வெளியில் கூட்டத்தைப் பார்த்து இறங்கினார்கள்.

வரிசையாகப் பழைய பட்டாள வண்டிகள். கண்ணாடிபோலப் பளபளக்கிற ஜோங்காக்கள். எருமை மூக்கோடு ஒரு சக்திமான் லாரி. கடைசியில் ஓரமாக நிசான். செண்டை மேளம் தயாராக இருந்தது. நெல்லையப்பன் கண்ணில் முதலில் பட்டது அதெல்லாம் இல்லை. ஒருவன் தோளில் சம்மட்டியோடு நிசானைப் பார்த்து நடந்து வந்தான்.

"பாத்தியா உலகம்மை, சம்மட்டி!"

சம்மட்டிக்காரன் நிசானைத் தாண்டிப் போய்ப் பந்தல் முளையை அடிக்க ஆரம்பித்தான். நெல்லையப்பன் அதைப் பார்க்க நிற்கவில்லை. எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழைய ஹவில்தார் அவருக்கு ஒரு வித்தை சொல்லியிருந்தார். பெட்ரோல் வண்டியை எவனும் கிளப்பிக்கொண்டு போகாமலிருக்க, என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுகிற ரோட்டரை உருவிவிட வேண்டும். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி போகாது. பட்டாளத்துப் பூட்டு என்பார் ஹவில்தார்.

பையன்கள் டீக்கடையில் நின்றார்கள். உலகம்மை சேலையை விரித்து உதறுகிற சாக்கில் மறைத்துக்கொண்டாள். நெல்லையப்பன் பானெட்டைத் தூக்கினார். இரண்டு கிளிப், ஒரு இழுப்பு. ரோட்டர் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"இங்க நிப்பாட்டியே உடைச்சான்னா?" என்றாள் உலகம்மை.

"அப்ப நான் பானெட் மேல ஏறி உக்காந்துருவேன். என்னையும் சேத்து உடைக்கட்டும்."

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அலறியது. மைக்கைப் பிடித்திருந்தவள் ஜானவி, ஆதர்ஷோடு வேலை பார்க்கிற பெண். ஒவ்வொரு ஜோங்காவாகப் பெயர் சொல்லி மலையேற்றி அனுப்பினாள். கடைசியில், "இனி நம்முடெ நிசான் பொளிக்கும்!" என்றாள். செண்டை முழங்கியது. நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஆதர்ஷ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். என்ஜின் கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி கிர்ர். செண்டைக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். பையனின் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்போதுதான் கிளம்பிய கடைசி ஜோங்காவிலிருந்து கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "ஆக்கிரி! ஆக்கிரிக்கடைக்குக் கொடு, அளியா!" என்று கூவிவிட்டு, கூட்டம் சிரிக்க, புகை விட்டுப் போனான்.

நெல்லையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. "எவம்ல அது ஆக்கிரின்னது?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

"மாமா!" ஆதர்ஷ் குதித்து இறங்கினான். "நீங்க எப்ப வந்தீங்க? காலைல வரைக்கும் பொன்னு போல ஓடுச்சு, மாமா. சத்தியமா ஒண்ணும் பண்ணலை."

"உன் சத்தியம்தான் எனக்குத் தெரியுமே. பொளிக்கப் போற வண்டி ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?"

"பொளிக்கவா? யாரு?"

"நீதாம்ல சொன்ன, செல்போன்ல. இப்ப இந்தப் பொண்ணும் மைக்குல சொல்லுச்சு, ஊருக்கே கேட்டுது."

ஆதர்ஷ் ஜானவியைப் பார்த்தான். ஜானவிக்கு முதலில் புரிந்தது. மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது.

"மாமா, பொளிக்கும்னா அதில்ல," என்றான் ஆதர்ஷ். "ஜோரா இருக்கும், அசத்தும்னு. இப்ப எல்லாரும் அப்பிடியல்லே பறையறது."

"நான் அப்பமே சொன்னேன், சிரிக்கான்னு" என்றாள் உலகம்மை.

"நீ சும்மா கெட. ஏல, ஜோருக்கும் பொளிக்கிறதுன்னா, நெசமாவே உடைக்கணும்னா என்ன சொல்லுவிய?"

ஆதர்ஷ் தலையைச் சொறிந்தான். "அதுக்கும் பொளிக்கிறதுதான், மாமா."

"பின்ன நீ எதச் சொன்னன்னு நான் எப்படிக் கண்டேன்?"

உலகம்மைதான் நடுவில் வந்தாள். "தம்பி, சூடம் அணைச்சு சத்தியம் பண்ணின வாயால அந்தச் சொல்லச் சொன்னது தப்புதான். வேற சொல்லு இல்லியா உங்ககிட்ட?"

"கொள்ளாம்னு சொல்லுங்கல," என்றார் நெல்லையப்பன். "நல்லாருக்குன்னு அர்த்தம், நல்ல சொல்லு. எங்களுக்கும் புரியும், உங்களுக்கும் புரியும்."

"மாமா, கொள்ளாம்னா இப்ப 'பரவால்ல'ங்கற மாதிரி ஆயிப்போச்சு."

"பரவால்லன்னே இருக்கட்டும். உடையாம இருக்கும்லா."

சட்டைப்பைக்குள் கையை விட்டு ரோட்டரை எடுத்து நீட்டினார். ஆதர்ஷ் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், உலகம்மையைப் பார்த்தான். உலகம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சேலையை உதறினாள்.

ரோட்டர் உள்ளே போனதும் நிசான் ஒரே சுற்றில் உறுமியது. நெல்லையப்பனை முன்னால் ஏற்றினார்கள். பின்னால் ஜானவியும் நண்பர்களும், நடுவில் புளிச்சோற்றுத் தூக்கோடு உலகம்மையும். முதல் ஹேர்பின் வளைவு திரும்பியதும் ஜானவி கூவினாள்: "நிசான்!" பின்னாலிருந்து எல்லாரும்: "கொள்ளாம்!" அடுத்த வளைவிலும் "கொள்ளாம்!" தேயிலைக்குள் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை சந்தோஷமாகப் 'பரவாயில்லை' என்று கூவிக்கொண்டு போகிற கூட்டத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

"கியர மாத்தாத. இழுக்கும், விடு," என்று நெல்லையப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆதர்ஷ் மாற்றினான். ஆனாலும் வண்டி இழுத்தது. தன் சொல்லைக் கேட்காமலே இழுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

பாதி மலையில், ஒரு வளைவின் ஓரத்தில், கறுப்புக் கண்ணாடிக்காரனின் ஜோங்கா ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அவன் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றான்.

"மெதுவாப் போ," என்றார் நெல்லையப்பன். கண்ணாடிக்காரனுக்கு நேராக வந்ததும் தலையை வெளியே நீட்டினார். "தம்பி, உங்க ஜோங்கா மொத்தம் எத்தன கிலோ வரும்?"

பின்பலகையே ஆடுகிற அளவுக்கு உள்ளே சிரித்தார்கள். பிறகு ஆதர்ஷ் நிறுத்தி இறங்கி, நிசானின் கேனிலிருந்து அவனுக்குத் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தான். நெல்லையப்பன் அதைத் தடுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை.

உச்சியில் மூடுபனி. முன்னால் வந்து சேர்ந்தவர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். நிசான் கடைசி ஏற்றத்தை முனகாமல் ஏறி நின்றது. கீழே நடந்த பேச்சு இந்தக் கூட்டத்துக்கு என்ன தெரியும்? "பொளிச்சு! பொளிச்சு!" என்று ஒரே கூச்சல்.

நெல்லையப்பன் கதவைத் திறந்து குதித்தார். நான்கு சக்கரத்தையும் பார்த்தார். குனிந்து அச்சைப் பார்த்தார். வின்ச்சைத் தட்டிப் பார்த்தார். பானெட்டைத் தூக்கி உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"ஒண்ணும் உடையலை, மாமா," என்றான் ஆதர்ஷ்.

"இப்ப உடையலை."

"திரும்பக் கொண்டுவிடறேன், ஏறுங்க. முக்கோலை வரைக்கும்."

"பஸ் இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். உலகம்மை மிச்சப் புளிச்சோற்றை ஜானவி கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள். வந்ததும் முதல் வேலையாக அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கண் சொட்டு மருந்துக் குப்பி மட்டும்தான் இருந்தது.

"எடுக்கலியா?"

"எடுக்கல."

"அப்ப நம்பிட்டிய."

"எவன் நம்பினான்?" நெல்லையப்பன் திரும்பிப் பார்த்தார். பனிக்குள் ஒருவன் நிசான்மேல் ஏறி நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தான். "உடைக்கிறதுக்கும் ஒரே சொல்லு, கொண்டாடுறதுக்கும் ஒரே சொல்லுன்னு வச்சிருக்கிற பயலுவள எப்படிட்டி நம்பச் சொல்லுத? அடுத்த மாசமும் வந்து ஒரு நோட்டம் பாக்கணும்."

"அப்ப அடுத்த தடவ எலுமிச்சஞ்சோறு கட்டுதேன்," என்றாள் உலகம்மை.

அவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.