யோத்தேயின் கொக்கி

உடைமாற்றும் அறையின் கதவோரக் கொக்கியில் லில்லோஸ் அணிக்காரர்கள் யாரும் எதையும் மாட்டமாட்டார்கள். புதிதாக வந்த கோல்கீப்பர் மால்ட்டேவுக்கு அது எங்கே தெரியும்? பச்சைக் கோட்டை அதில் மாட்டிவிட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டான். அதைப் பார்த்த கோச் ஸ்டெல்லான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் இதே அணியில் ஆடிய காலத்தில் அது கோல்கீப்பர் யோத்தேயின் கொக்கி. ஒரு ஆட்டத்தில் யோத்தே தலையில் அடிபட்டு விழுந்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றான். அப்போதைய கோச் ராக்ன்வால்ட் மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தினார்: "எந்திரிடா, இன்னும் கொஞ்ச நேரம்தான்!" யோத்தே எழுந்தான், ஆடினான், ஜெயித்தான். விடிவதற்குள் செத்துப்போனான். அவன் கோட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க எடுக்க ஆளில்லாமல் அங்கேயே தொங்கியது. பாவி மனுஷன் ராக்ன்வால்டும் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் மட்டும் ஸ்டெல்லானை விடவில்லை.

இன்று ஜெயித்தால்தான் லில்லோஸ் இந்தப் பிரிவில் நிற்கும்; இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். ஒரு கோல் முன்னிலை. மாற்று ஆட்கள் எல்லோரையும் இறக்கியாகிவிட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் மால்ட்டேயின் நெற்றியில் மோதியது.

மால்ட்டே தள்ளாடி உட்கார்ந்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன், ஸ்டெல்லான்."

"எந்திரிடா, இன்னும் கொஞ்ச நேரம்தான்!"

கத்தியது யார்? உதவி கோச் குன்வோர் தன்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் ஸ்டெல்லானுக்கு உறைத்தது. வாய் அவருடையது, குரல் ராக்ன்வால்டுடையது.

"ஐயோ, வேணாம்! வெளிய வாடா!" என்று மைதானத்துக்குள் ஓடினார்.

"வேற கீப்பர் ஏது? கீழ போயிருவோம்!" குன்வோர் பதறினாள்.

"போனா போறோம்."

கையுறை போட்டுக்கொண்டு கோலில் நின்ற தடுப்பாட்டக்காரன் இரண்டு கோல் வாங்கினான். லில்லோஸ் கீழே போனது. "கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சு! வீட்ல போய்க் காபி குடி!" என்று மைதானத்துச் சாஸேஜ் கடைப் பக்கமிருந்து ரசிகர்கள் கத்தினார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஆம்புலன்ஸில் மால்ட்டே போய்விட்டான். கோட்டு கொக்கியிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்டெல்லான் அந்தக் கோட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கூப்பிடக் கூப்பிட மால்ட்டேயின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கோட்டைத் தொட்டு எடுக்கவும் பயம், பார்க்கவும் பயம்.

கதவு படாரென்று திறந்தது. நெற்றி வீங்கிய மால்ட்டே!

"எனக்கு ஒண்ணுமே இல்லையாம், டாக்டர் சொல்லிட்டார். ஜெயிச்சிட்டிருந்த அணியைக் கீழ தள்ளிட்டியே, நீயெல்லாம் ஒரு கோச்சா?"

கொக்கியிலிருந்து கோட்டை வெடுக்கென்று இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

இந்தக் கோட்டை எடுத்துப் போக ஆள் வந்துவிட்டான். ஸ்டெல்லான் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.