நான் சொல்லாத அறிவிப்பு

அக்காவின் மாவு மில் வாசலில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தபோதே தெருமுனையிலிருந்து என் குரல் வந்தது.

"குடியிருப்போர் கவனத்திற்கு. மில் தெரு சுரங்கப்பாதை, வரும் திங்கட்கிழமை முதல், நிரந்தரமாக மூடப்படும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

சுங்கச் சாலை கம்பெனியின் அறிவிப்பு வண்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், இரண்டிலும் நான். குரல் என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. பேருந்து நிலையத்தில் பகலெல்லாம் மைக்கில் கத்திப் பிழைக்கிறவள் நான். வீட்டில் எனக்குப் பெயரே மைக்செட். ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை நான் என் ஜென்மத்தில் பேசியதில்லை.

அக்கா சல்லடையைக் கீழே வைத்தாள். மில்லுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புதுச் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக நடந்து வருவார்கள். அதை மூடினால் சுங்கச்சாவடி வரை போய்ச் சுற்றி வரவேண்டும். ஒரு டின் மாவுக்காக எவள் அவ்வளவு தூரம் சுற்றுவாள்? மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?" என்றாள் அக்கா. "இதைப் பேசிட்டு வந்து என்கிட்டயே சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்க."

"நான் பேசலக்கா. சத்தியமா பேசல."

"அப்ப வண்டிக்குள்ள யாரு, உன் ஆவியா?"

மாமா மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். என்னைக் கண்டால் கிண்டல் பண்ணாமல் அவரால் இருக்க முடியாது. அன்று முகத்தில் கிண்டலே இல்லை. "அந்தப் பக்கம் கடை தரேன்னு ஒருத்தர் வீடு தேடி வந்து கேட்டாரே. வேணாம்னு அனுப்பினோமே, யார் பேச்சைக் கேட்டு?" என்றார்.

என் பேச்சைக் கேட்டுத்தான். சுரங்கப்பாதை எப்போதும் போல் திறந்திருக்கும் என்று போன வருடம் கம்பெனி கூப்பிட்டுப் பேசச் சொல்லி இதே வண்டியில் முழங்கியது நிஜமாகவே நான். அதை நம்பி அக்காவிடம் நேரிலும் வந்து சொன்னேன். அந்தக் கடையில் இப்போது யாரோ செல்போன் விற்கிறார்கள்.

அக்கா உள்ளே போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நேரே கம்பெனிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் யோசித்தேன், எப்படிச் செய்தார்கள் என்று. பிடிபட்டதும் ரத்தம் தலைக்கேறியது. கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் கடைசியாக என்னை உட்கார வைத்தபோது, சவுண்ட் இன்ஜினியர் வாக்கியமே தரவில்லை. தெருப் பெயர்களைத் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். கிழமைகளைச் சொல்லச் சொன்னார். பிறகு "தற்காலிகமாக", "நிரந்தரமாக", "மூடப்படும்", "திறந்திருக்கும்". ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாமே மேடம், நாங்களே கோர்த்துக்குவோம் என்றார். நிரந்தரமாக எதற்கு என்று கேட்டேன். "சும்மா, எதுக்கும் இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று சொல்லித்தான் என் வாயையே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனியின் தகவல் மையத்தில் குளிர்சாதனம் நடுங்க வைத்தது. சுவர் முழுக்க "ஒவ்வொரு அடியிலும் உங்களோடு" என்று எழுதியிருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாலையின் மாதிரி. தகவல் அதிகாரி ஓடி வந்து வரவேற்றார். அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும், சிரிப்பைக் காலையிலேயே மாட்டிக்கொண்டு வருகிற ஆள்.

"கேட்டீங்களா மேடம்? எவ்ளோ நல்லா வந்திருக்கு! ஒரு இடத்துல கூட ஒட்டுப் போட்டதே தெரியல."

"நான் சொல்லாததை நான் சொன்ன மாதிரி எப்படிங்க போடுவீங்க?"

"எல்லாமே நீங்க சொன்ன வார்த்தைதானே மேடம்?"

அந்த இடத்திலேயே அவரை அறைந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதையை ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"டிசைன் மாத்திட்டாங்க. ஆட்டோ, கார்காரங்க அதுல புகுந்து டோல் கட்டாம போயிடுவாங்களாம்."

"நடந்து போறவங்க?"

"அவங்களுக்குத்தான் முறையா தெரிவிச்சிட்டோமே."

"தெரிவிச்சீங்க. கேட்டீங்களா?"

"தெரிவிக்கிறதுதான் எங்க டிபார்ட்மென்ட். கேக்கறதுக்கு வேற டிபார்ட்மென்ட்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கல மேடம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். அதில் சுரங்கப்பாதை திறந்தே இருந்தது. வாயிலில் கூடையோடு ஒரு பிளாஸ்டிக் பெண். "இவளுக்குத் தெரிவிச்சாச்சா?" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார்.

"என் குரலை எடுத்துடுங்க. வேற யாரையாவது வச்சுப் போட்டுக்கங்க."

"போட்டுப் பார்த்தோம் மேடம். வேற குரல்னா ஜனங்க போன் பண்ணித் திட்டறாங்க. உங்க குரல்னா நம்பிடறாங்க, சத்தமே வர்றதில்ல."

சத்தமே வர்றதில்ல. இத்தனை வருடம் பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியைக்கூட மாற்றிச் சொல்லாமல் சேர்த்து வைத்த நம்பிக்கை அது. அதை எடுத்து என் அக்காவின் வயிற்றிலேயே அடித்திருக்கிறார்கள், அதுவும் என் வாயாலேயே.

மறுநாள் காலை வேலைக்குப் போகவில்லை. மில் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் குறுக்கே போய் நின்றேன். டிரைவர் பிரேக் போட்டார், ஒலிபெருக்கியை நிறுத்தவில்லை.

"மில் தெரு சுரங்கப்பாதை..." என்றது குழாய்.

"பொய்! இது நான் பேசல!" என்று கத்தினேன்.

"...நிரந்தரமாக மூடப்படும்."

"நம்பாதீங்க! வெட்டி ஒட்டியிருக்காங்க!"

ஜன்னல்கள் திறந்தன. சிலர் வண்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி வண்டியைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? ஒரே குரல் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. குழாய்க்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது. அது நன்றி சொல்லி முடித்து முதலிலிருந்து ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ தொண்டை கிழிந்து, குரல் கீச்சென்று உடைந்து, பிறகு வெறும் காற்றாக வந்தது. அப்போதும் விடவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அக்காவைத் திட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். நம்பாமப் போறியேடி பாவி என்றேனாம்.

மில்லின் மிஷின் சத்தம் நின்றது. அக்கா மாவு அப்பிய கையோடு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டாள், வண்டியை அல்ல, என்னை.

"டிரைவர் தம்பி, அதை அணைங்க" என்றாள்.

"ஆபீஸ்ல திட்டுவாங்கம்மா. முழுத் தெருவும் சுத்தணும்."

"இதுதான்யா என் தங்கச்சி. கோவம் வந்தா இவளுக்குக் குரல் இப்படித்தான் நாறிப் போகும். சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட சண்டை போட்டவ, எனக்குத் தெரியாதா? உன் குழாய்ல இருக்கறவ யாருன்னு போய் உன் ஆபீஸ்ல கேளு."

டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். சுரங்கப்பாதை வழியாக வந்த பெண்கள் இருவர் டின்னோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா மில்லுக்குள் போனாள். இருப்பதிலேயே பெரிய டின்னை உருட்டிக்கொண்டு வந்து, வண்டியின் முன் சக்கரத்துக்கு எதிரே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டி என்னையும் உட்காரச் சொன்னாள். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் டின்னை இறக்கினார்கள்.

"திங்கட்கிழமைதானே?" என்றாள் அக்கா. "நான் எந்திரிக்கப் போறதில்ல. அதையும் இவ குரல்லயே ஒட்டி, ஊர் பூரா சொல்லிட்டு வாங்க."