கோழிகளுக்கு மட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் வாளியோடு ஓடியபோது கிடைத்தது. அன்று காலை எங்கள் வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. என் தலை முழுக்க ஷாம்பு நுரை. தெருவில் தண்ணீர் லாரி சத்தம் கேட்டதும் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியோடு துரத்தினேன். முக்கில் லாரி நின்றபோதுதான் அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன்: 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர். கோழிகளுக்கு மட்டும்.' லாரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கோழி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

இரண்டு லட்சம் கோழிகள் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்ட (வேண்டாம். கோழி மனசு எனக்கென்ன தெரியும்?)

நிலத்தடி நீர் என்பது நாம் நேற்றுச் செய்ததை நாளைக்கு (என் மனைவி இதைப் படித்துக் கொட்டாவி விட்டாள். போச்சு.)

அவள் ஏழு வருடமாக ஊர்த் தண்ணீரைச் சோதித்தாள், ஆனால் ஒருநாள்கூட (ஆங், இது தேவலை. இவள் பின்னாலேயே போவோம்.)

3

அவள் நகரக் குடிநீர் அலுவலகத்தில் பரிசோதகர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு காலுக்குக் கீழே அட்டை செருகிய மேசை, வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். ஊருக்குத் தண்ணீர் தருவது ஆறாம் நம்பர் கிணறு. அது கோழிப்பண்ணையைத் தாண்டி இருக்கிறது. வாரம் தவறாமல் அலுவலக டிரைவர் அங்கே போய் ஒரு பாட்டில் பிடித்து வருவார். அவள் சோதிப்பாள். முடிவு எப்போதும் 'மிக நன்று'.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டில் மஞ்சளாக வந்தது. முகர்ந்தாள். சத்து மாத்திரை டப்பாவைத் திறந்த வாசனை. உள்ளதை உள்ளபடி படிவத்தில் எழுதினாள்: 'நிறம் இளமஞ்சள். வாசனை வைட்டமின்.'

மேலாளர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "வைட்டமினா! எந்த ஊர்லயாவது உண்டா இது?" மதியத்துக்குள் வாசலில் பேனர் ஏறியது: 'உங்கள் வீட்டுக் குழாயில் வைட்டமின்!' பக்கத்தில் அவர் படம், கையில் தம்ளர்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. பல்வலி வேறு அவருக்கு. பல்வலிக்காரரை எப்படி வில்லனாக்குவது?)

4

அவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, தண்ணிய எங்க பிடிச்சீங்க?"

"வழக்கமான இடத்துலதாம்மா. பண்ணை கேட்டுல ஒரு குழாய் இருக்குல்ல, அதுல."

"கிணத்துல பிடிக்கல?"

"அந்த நாத்தத்தைத் தாண்டி யாரு போறது? அதுவும் இல்லாம..." அவர் குரல் பெருமையாக இறங்கியது. "சோதனைக்குப் போற தண்ணியாச்சே, சுத்தமா இருக்க வேணாமா? அதான் நல்ல குழாயா பாத்துப் பிடிக்கிறேன். ஏழு வருஷமா உனக்கு ஒரு குறை வச்சிருக்கேனா?"

ஆக, ஏழு வருடமாக அவள் சோதித்தது கோழிகளின் தண்ணீர். நற்சான்று வாங்கியது கோழிகள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது மட்டும் நாம்.

(இங்கே எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்தது. ஏழு வருடத்தில் ஒருநாள்கூடவா கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை? கேட்டேன். "நீங்க குடிக்கிற தண்ணி எந்தக் கிணத்துல இருந்து வருதுன்னு போய்ப் பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த வரியை மூன்று முறை கோடு போட்டு அடித்தேன். அடிக்க அடிக்க வந்து உட்கார்ந்துகொள்கிறது, இருக்கட்டும்.)

5

மறுநாள் காலையிலேயே அவளும் டிரைவரும் கிணற்றைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் பண்ணை வாட்ச்மேன் விளக்கம் சொன்னார். "எங்க போர் தண்ணி கெட்டுப்போய் வருஷக்கணக்காச்சும்மா. அதைக் குடிச்சா கோழி முட்டை குறைச்சிடுது. அதான் லாரியில நல்ல தண்ணி, கேட்டுக் குழாயிலயும் அதேதான். இந்த வாரம்தான் முதல்தடவையா சத்து மருந்தும் கலந்தோம்." கொட்டகைக்குப் பின்னால் எச்சம் இரண்டாள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது மண்ணுக்குள் இறங்குகிறது. சரிவின் அடியில் ஆறாம் நம்பர் கிணறு.

அவள் தன் கையாலேயே பிடித்துச் சோதித்தாள். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. எச்சத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் மட்டும் அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு.

அலுவலகத்தில் மேலாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்த வாரம் வைட்டமின் வாரம்மா. ஒரே வாரத்துல ரெண்டு ரிசல்ட் எப்படிக் குடுக்கிறது? பேனர் இறங்கட்டும், அடுத்த வாரம் கையெழுத்துப் போடுறேன். கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? ஏழு வருஷமா இதைத்தானே குடிக்கிறோம்?"

"நீங்க கைக்குழந்தை இல்லையே சார்," என்றாள்.

6

ஒரு கைக்குழந்தை இருக்கிறது. (இதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை கோமாளித்தனமும் செய்தேன். மன்னியுங்கள்.) அவள் தங்கையின் பிள்ளை, பிறந்து நாற்பது நாள், எல்லோருக்கும் அவன் குட்டி. தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால்தான். "நம்ம ஊர்த் தண்ணி தங்கம்டி, இருந்தாலும் நல்லா அரை மணி நேரம் கொதிக்க வை," என்று சொன்னது அக்காவேதான். தங்கை சொல் தட்டாதவள். நைட்ரேட்டோ கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், அது அடியில் நின்று இன்னும் கெட்டியாகும். பெரியவர்கள் உடம்பு சமாளிக்கும். பச்சைப்பிள்ளையின் ரத்தத்தில் அது மூச்சுக்காற்றைத் தங்க விடாது.

முந்தின நாள் தங்கை போனில் சொல்லியிருந்தாள்: "குட்டிக்கு உதடு லேசா நீலமா இருக்குக்கா. குளிரும்போல, இன்னொரு போர்வை போத்தியிருக்கேன்."

அந்தப் பேச்சு இப்போது நினைவு வந்ததும் அவள் மேலாளர் அறையிலிருந்து வெளியே ஓடினாள். போன் அடித்தாள். தங்கை எடுக்கவில்லை. பால் கொடுக்கிற நேரம் போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுவாள், குட்டி திடுக்கிடக் கூடாதென்று.

7

சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன. கோழிகள் ஊர்வலமாக வந்து தங்கள் தண்ணீரை மனிதர்களுக்கு விட்டுக்கொடுக்கின்றன. அல்லது மேலாளர் பல் பிடுங்கப் போன இடத்தில் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்து ஞானம் பெற்று (சீ, இதெல்லாம் ஒரு முடிவா?)

நான் இதை யோசிப்பதற்குள் அவள் வண்டியில் ஏறிவிட்டாள். டிரைவர் வண்டியை விரட்டினார். ஏழு வருடப் பெருமையும் முகத்தில் செத்துக் கிடந்தது. பண்ணை கேட்டில் வண்டி நின்றது.

"இன்னிக்கு மருந்து கலந்திருக்கா?" என்று அவள் வாட்ச்மேனைக் கேட்டாள்.

"இல்லம்மா, நேத்தோட சரி."

"ஒரு கேன் குடுங்க."

"கோழிக்கு மட்டும்தான்மா. யாருக்குன்னு எழுதணும்."

"கோழிக்குன்னே எழுதுங்க. நாற்பது நாள் கோழி."

வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்தார். எழுதவில்லை. கேனைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

8

இப்போது தங்கையின் வீடு, மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்த தண்ணீர் ஆறிவிட்டது. தங்கை பாலைக் கலக்கிப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். குட்டியை மடியில் சாய்த்து, புட்டியை அந்த நீல உதட்டருகே

இந்தக் கதையில் பாதியில் நின்ற மற்ற வாக்கியமெல்லாம் என் சோம்பல். இது மட்டும் வேண்டுமென்றே. நான் முடிக்காதவரை குட்டி குடிக்க மாட்டான்.

கீழே வண்டி வந்துவிட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை (அது என் குற்றம், இரண்டாம் பிரதியில் நன்றாகத்தான் ஓடியது). டிரைவர் கேனைத் தோளில் வைத்து ஏறுகிறார். குட்டியை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்று அக்கா முன்னால் ஓடுகிறாள். முதல் மாடி.

குட்டி பசியில் வீறிடுகிறான். அம்மாக்காரி எவ்வளவு நேரம் பொறுப்பாள்? எனக்குக் கை கடுக்கிறது. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள், இரண்டாம் மாடி தாண்டிவிட்டார்கள்