பின்னறைக்கு வந்த சூரியன்

மரியஜான் விசைப்படகில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்து, அந்த 2012ஆம் வருஷம் பாதிக்கு மேல் பின்னறைக் கட்டிலிலேயே கிடந்தான். கத்தாரில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்த தம்பி சிஜோ, அண்ணனை முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று, லீவில் வந்த ஒருவரிடம் லேப்டாப் கொடுத்தனுப்பினான். டெலிபோன் லைனில் நெட்டும் போட்டாயிற்று. ஆனால் வயர் முன்னறையோடு நின்றுவிட்டது. அதனால் மரியஜானின் மனைவி லிஜா கருங்கல் கடைத்தெருவுக்கு வைஃபை ரூட்டர் வாங்கப் போனாள்.

கடைக்காரர் சத்தியராஜ் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு ஒரு ஆன்டெனா, மற்றதற்கு இரண்டு.

"வீட்டுச் சுவரு என்ன சுவராக்கும்?"

"முன்னால செங்கல்லு. நடுவுல மாமனாரு காலத்துக் கல்லுச்சுவரு."

"அப்பம் ரெண்டு ஆன்டெனா உள்ளத எடுங்க. ஆனா கல்லு கல்லுதான். வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வைத்துப் பார்த்தாள். முன்னறையில் சிக்னல் நான்கு கோடும் நிறைந்து நின்றது. கட்டிலருகே வந்ததும் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டாள், ஆன்டெனாவை நிமிர்த்தினாள், சாய்த்தாள். ரூட்டரை அலமாரியின் உச்சியில் ஏற்றினாள். பலனில்லை.

"விடுட்டி லிஜா. போன்லயே பேசிக்கிடலாம்," என்றான் மரியஜான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடி ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அடுக்களை வாசலில் இரண்டு கோடு. முன்னறையிலேயே இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனால் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது. அந்த பீரோ ரூட்டருக்கும் கட்டிலுக்கும் குறுக்கே, கல்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

பக்கத்துவீட்டு ஜின்சியைக் கூப்பிட்டாள். இருவருமாக பீரோவை மூலைக்குத் தள்ளினார்கள். ரூட்டரை நடுவாசலுக்கு நேரே மாற்றி வைத்தாள். பின்னறையில் ஒரு கோடு வந்தது. பிறகு இன்னொன்று.

லிஜா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்த கல். எதுவும் அசையவில்லை, எதுவும் கேட்கவில்லை.

"இதுக்குள்ளயா போவுது?" என்றாள் ஜின்சி, குரலைத் தாழ்த்தி.

இரவு எட்டு மணிக்குத் திரையில் சிஜோ வந்தான். முதலில் சதுரம் சதுரமாக, பிறகு முகமாக. ஊரைவிட்டுப் போன மூன்று வருஷத்தில் தலைமுடி கொட்டியிருந்தது.

"அண்ணே! மைனி! தெரியுதா?"

மரியஜான் திரையை உற்றுப் பார்த்தான். தம்பியின் தோளுக்குப் பின்னால் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது.

"ஏலே, அங்க இன்னும் பகலா?"

"சூரியன் இப்பந்தான் எறங்குது. நில்லுங்க, காட்டுதேன்."

படம் ஆடியது. கப்பல் விளிம்பு, கடல், அதன்மேல் சிவந்த வட்டம். மரியஜான் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

"லிஜா, இத நான் பாத்தாச்சு. ரெண்டு மணிக்கூறு முன்னால இந்தச் சன்னல் வழியா கடல்ல விழுந்துச்சு. அதே சூரியன்!"

யாரும் பேசவில்லை. வட்டம் பாதியானது, கீற்றானது.

"சத்தம் கேக்கலியா? கட்டாயிருச்சா?" என்று சிஜோ பதறினான்.

"இல்ல மக்கா. அப்பிடியே பிடி," என்றான் அண்ணன். "முழுசும் போவட்டு."