கரைக்கு இழுத்த கூண்டு

கடல் சூடேறி மீனெல்லாம் எட்டாத தூரத்துக்குப் போனதும், என் வீட்டுக்காரர் படகை விற்று, மிதக்கும் கூண்டு வாங்கி மீன் வளர்த்தார். புயல் வருகிறது என்றதும் அடித்துப்பிடித்து, என் அண்ணன் படகில் கட்டிக் கூண்டைக் கரையோரம் இழுத்துவந்தார். காற்றுக்குப் பயந்தே வளர்ந்த மனுஷன். தண்ணீருக்குப் பயப்படத் தெரியவில்லை.

புயல் வேறு பக்கம் போய்விட்டது. வெயில்தான் கொளுத்தியது. இடுப்பளவுத் தண்ணீர் வெந்நீராகி, விற்கவேண்டிய மீனெல்லாம் வயிறு காட்டி மிதந்தன.

அவர் கூண்டுக்குள் இறங்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். அவை மறுபடி மல்லாந்தன.

"செத்தது செத்ததுதான், மேலே வாய்யா!" என்று கத்தினேன்.

"இது அசையுது, பாரு" என்று ஒன்றைக் கையில் ஏந்திக் காட்டினார்.

மீன் அசையவில்லை. அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.