விரிப்பின் மறுமுனை

1

"அவங்க ஆளுகூட நின்னு மடிக்கிறியே, உனக்குப் பயமா இல்லையா?"

இஸ்திரி அண்ணன் இப்படிக் கேட்ட நாளில்தான் இந்தக் கதை தொடங்கியது. நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில்கள் வாயில் வராது, வீட்டுக்குப் போன பிறகு தாளில்தான் வரும். (பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கும் இதுதான் காரணம். அது வேறு கதை.)

2

முதலில் இப்படி எழுதினேன்: 'ஊர் இரண்டாகப் பிரிந்த காலையில் சலவைக்கூடத்தில் நீராவி...'

வேண்டாம். நீராவி எல்லாக் காலையிலும்தான் இருக்கும்.

பிறகு: 'சண்டை இரண்டு தரப்புக்கு இடையே. ஒரு தரப்பு...'

இதையும் அடித்துவிட்டேன். பெயரைச் சொன்னால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டுதான் மீதியைப் படிப்பீர்கள். நானும், என்னோடு துணி மடிக்கும் அக்காவும் வேறு வேறு தரப்பு. அது போதும்.

3

மருத்துவமனை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து விளிம்பைச் சேர்க்க வேண்டும். அக்காதான் எனக்கு ஜோடி.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்களா? தலைய நிமித்தி வாடி. என் மூஞ்சியப் பாத்தாதான் மூலை சேரும். கடிச்சிட மாட்டேன்."

பல நாட்களில் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

சண்டையில் கடைத்தெரு எரிந்த பிறகு மேனேஜர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். இங்கே எல்லோரும் சமம், அரசியல் பேசக் கூடாது. அரசியல் எது, எது இல்லை என்று யாருக்கும் தெரியாததால் எல்லாப் பேச்சும் நின்றுபோனது. அடுத்து, ஜோடி மாற்ற விரும்புகிறவர்கள் தன்னிடம் தனியாக வந்து சொல்லலாம் என்றார். ஒவ்வொரு மேஜையாக ஒரே தரப்பாகிக்கொண்டு வந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. அவ்வளவு மரியாதை.

எங்கள் மேஜை மட்டும் மிச்சம். அதுவும் போய்விடக் கூடாதென்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அதிகாரியின் அறைக்குள் நானாகப் போனேன்.

"என்னம்மா, ஆள் மாத்தணுமா?"

"இல்ல சார். அக்காகூடவே இருக்கேன்னு சொல்லத்தான்..."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவங்கதாம்மா மாத்திக் கேட்டிருக்காங்க. தப்பா எடுத்துக்காத. யாரையும் நாம கட்டாயப்படுத்தக் கூடாதில்ல?"

4

ஏன் கேட்டாள்? இங்கேதான் கதை நகர மறுக்கிறது.

ஒரு வழி: என்னைக் காப்பாற்றத்தான். அவளோடு நிற்பதற்காகத் தெருவில் என்னை ஏசுவார்கள் என்று தானே விலகிக்கொண்டாள். இதை அழகாக எழுதினேன், எழுதிவிட்டு அழவும் செய்தேன். மறுநாள் படித்தால் வெட்கமாக இருந்தது. இது எனக்கு வசதியான அக்கா. நல்லவளாக இருந்துகொண்டே இருந்தால்தான் எங்கள் நடுவில் நிற்க விடுவோம் என்று ஊரே அவளிடம் சொல்லும்போது, கதையிலும் நான் அதையே கேட்கிறேனே.

இன்னொரு வழி: அவளுக்குப் பயம். என்னைப் பார்த்து. (சிரிக்காதீர்கள். என் நிழலுக்கே நான் பயப்படுகிறவள்.) ஆனால் இஸ்திரி அண்ணன் கேட்டபோது அவள் விரிப்பின் மறுமுனையில்தான் நின்றிருந்தாள். அந்தக் கேள்விக்கு நான் வாய் திறக்காததை அவள் எப்படி

இந்த வாக்கியம் இவ்வளவுதான்.

5

கதையின் முடிவுக்காக நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அக்கா என்னைக் கட்டிக்கொள்கிறாள், ஒன்றில் திட்டுகிறாள். எதில் பேசினாலும் அவள் வாயில் என் சொற்களே இருக்கின்றன. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைக் கேட்டு எழுதுங்கள்.

நான் கேட்டேன். வேலை முடிந்து எல்லோரும் கை கழுவும் இடத்தில், மற்றவர்கள் காதில் விழும்படியாகவே கேட்டேன்.

"ஏன்க்கா மாத்திக் கேட்டீங்க?"

அக்கா குழாயை மூடினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.